நாய்ப் பங்கு

ஜோகூர் மாநிலத்தில் ஆசையே இல்லாத கை ஒன்று உண்டென்றால் அது என்னுடையதுதான். இதை நானாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் இருநூறு பேர் சொன்னார்கள், இருநூறு பேர் சேர்ந்து சொல்வதை மறுப்பது மரியாதையில்லை. கோத்தா திங்கியிலிருந்து உலு திராம் வரை ரப்பர்ப் பால் மரம் சீவுகிற கைகள், லாலான் புல் வெட்டுகிற கைகள் என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் வெட்டிய கறியைப் பரப்பி வைத்துவிட்டு "நீங்க பங்கு சொல்லுங்க" என்று நம்பிக் கூப்பிட்ட கை இது ஒன்றுதான். பிறந்தது முதல் இறைச்சியைத் தொட்டறியாத யாழ்ப்பாணத்துச் சைவக் கை. அந்தக் கையால்தான் இன்ஸ்பெக்டர் ஐயா, இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பெயர் அம்பிகைபாகன். வயது இருபத்துமூன்று. கோத்தா திங்கி சாலையில் உள்ள ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. கல்லூரியில் படிக்கும்போது ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினேன். தலைமையாசிரியரின் குடையைப் பற்றி நான் எழுதிய கட்டுரையோடு பத்திரிகையும் படிப்பும் ஒரே நாளில் முடிந்தன. அடுத்த கப்பலில் மாமா என்னை மலாயாவுக்கு ஏற்றிவிட்டார்.

இதை ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் நான் எதை எழுதினாலும் அது ரிப்போர்ட் ஆகிவிடுகிறது. ரிப்போர்ட்டில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாக நடக்கிறது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்த்துத் தரப்போகிற சோமசேகரம் அவர்கள் நல்ல மனிதர். களைப்பாக இருந்தால் அங்கங்கே விட்டுவிட்டுப் படிக்கட்டும். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிராணி வேலையில் பிழையை நாங்கள் சுரண்டி அழிப்பதில்லை. பிழையின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இந்த வாக்குமூலத்திலும் அப்படிச் சில திருத்தங்கள் வரும். முதலில் எழுதியது பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் எழுதியது, அவ்வளவுதான்.

முயல் வேட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

அய்யாவு என்கிற பால் மரம் சீவும் தொழிலாளி, ராமநாதபுரத்துப் பக்கம் நாய் வைத்து முயல் பிடித்துப் பழகியவன். ஜோகூர்க் காட்டில் முயல் கிடையாது. அதே அளவில் சருகுமான் இருக்கிறது. மலாய்க்காரர்கள் பெலாண்டோக் என்பார்கள். பார்க்க மான், பயத்தில் முயல். அய்யாவு முதல் நாளே அதற்கு முயல் என்று பெயர் வைத்துவிட்டான். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் எல்லோரும் முயல் என்றே சொன்னார்கள். அதற்குக் குளம்பு இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பசித்தவர்கள் விலங்கியலில் தாராளமாக நடந்துகொள்வார்கள்.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டில் பசிக்குக் குறைவில்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பாதி மரங்களைச் சீவாமல் விட்டுவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் வேலை. அரிசி தோட்டத்து ஸ்டோரிலிருந்து அளந்து கொடுக்கப்படும். ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. சீவாமல் விட்ட மரங்களுக்கு அடியில் சருகு முழங்கால் அளவு சேர்ந்தது. காட்டிலிருந்து சருகுமான் அந்தச் சருகுக்கு வந்தது. ஆக, மனிதனுக்கு வேலை போன இடத்தில்தான் அவனுக்குக் கறி கிடைத்தது. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலையில் நாலு பேர் போவார்கள். நாய் ஒன்றே ஒன்று, அய்யாவுடைய செவலை. நிறமே பெயராகிப்போன பெட்டை நாய், விலா எண்ணலாம். துரத்தினால் சருகுமான், இரு பக்கமும் திறந்தபடி விழுந்து கிடக்கிற ஏதாவதொரு பொந்து மரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். செவலை ஒரு வாயில் போய் நிற்கும், குரைக்காது. அது நிற்கிற நிற்பைப் பார்த்து அய்யாவு மறு வாயில் சாக்கைப் பிடிப்பான். வந்து விழுந்தால் இந்த ஊர்க் கணக்கில் மூன்று கட்டி, நம் கணக்கில் நாலு ராத்தல் எடைகூடத் தேறாது. அதை நாலு குடும்பத்துக்குப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒருமுறை கத்தி எடுத்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாள் அய்யாவு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"கிராணி ஐயா, ஒரு ஒத்தாசை. ஞாயித்துக்கெழம வந்து நீங்க கூறு சொல்லணும்."

"நானோ? எனக்கு அதில தொடை எது, தோள் எது எண்டே தெரியாது, அய்யாவு."

"அதுக்குத்தான் ஐயா கூப்பிடுறோம். தெரிஞ்சவன் கையெல்லாம் தொடப் பக்கமே போவுது."

இப்படித்தான் ஒரு சைவன் கறிப் பங்குக்கு நீதிபதியானான்.

முறை இப்படி இருந்தது. ஆற்றோரத்தில் வாழையிலைகளைப் போட்டு அய்யாவு கறியை வெட்டிச் சமமாகக் கூறு வைப்பான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு விழுந்த மரத்தில் உட்கார வேண்டும். ஒருவன் ஏதாவது ஒரு கூற்றைத் தொட்டு "இது யாருக்கு?" என்பான். நான் திரும்பாமல் ஒரு பெயர் சொல்வேன். சொன்னது சொன்னதுதான். அதன் பிறகு ஒரு சண்டையும் வரவில்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் நாய்ப் பங்கு. குடல், நுரையீரல், ஒரு துண்டு ஈரல், கட்டாயமாக ஒரு துண்டு தொடை. இவற்றைத் தனி இலையில் எடுத்து வைத்து, பங்கு சொல்கிறவன் தன் கையால் ஒரு சிட்டிகை உப்புத் தூவ வேண்டும். நாய்க்கு உப்பு எதற்கு என்று கேட்டேன். அய்யாவு எனக்கு ஏதோ அடிப்படை விஷயம் தெரியவில்லை என்பதுபோலப் பார்த்தான்.

"உப்பில்லாமப் போட்டா அது பிச்ச, ஐயா. உப்புப் போட்டாத்தான் பங்கு."

உப்புப் போட்டபின் ஆண்கள் கத்தியும் கையும் கழுவ ஆற்றில் இறங்குவார்கள். செவலை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அய்யாவு கழுவிவிட்டு மேலே வந்து "எடுத்துக்க" என்று ஒரு சொல் சொல்வான். அப்புறம்தான் அது வாய் வைக்கும். அது இலையை நக்கி முடித்த பிறகுதான் மனிதர்கள் தங்கள் கூற்றைத் தொடுவார்கள். அதுவரை காக்கை வராமல் பார்த்துக்கொள்வது அய்யாவின் மனைவி பேச்சியம்மாளின் பொறுப்பு. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு குச்சியை வைத்துக்கொண்டு நிற்பாள். அதிகம் பேச மாட்டாள். என்னைக் கண்டால் முந்தானையைச் சரி செய்துகொண்டு "வாங்க ஐயா" என்பாள், அவ்வளவுதான்.

நான் இதைப் பார்த்துச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'நாய்ப் பங்குச் சட்டம்' என்று ஒன்று எழுதினேன். முதல் பிரிவு: மனிதர் அனைவரும் நாய் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கக் கடவர். இரண்டாம் பிரிவு: நாய் கைகழுவிவிட்டு வந்து 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மனிதருக்குச் சொல்லாதிருப்பது அதன் பெருந்தன்மை எனக் கருதப்படும். பெரிய கிராணி கதிரேசு அண்ணருக்கு அதைத் தேநீர் வேளையில் படித்துக் காட்டினேன். தேநீர் அவர் மூக்கு வழியாக வந்தது. நாய்க்கு இலை போட்டு உபசரிக்கிற மனிதனை நான் என் வாழ்நாளில் மதிக்க மாட்டேன் என்று அன்று சொன்னேன். அவர் நினைவு வைத்திருப்பார்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன்.

வேலையில்லாத குடும்பங்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. ஜோகூர் பாருவில் ரயில் ஏறிப் பினாங்கு போய் அங்கிருந்து நாகப்பட்டினம் கப்பல். மாத முடிவுக்குள் பதினெட்டுக் குடும்பம் வேண்டும் என்றார் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை. அவர்களாக விரும்பிப் போக வேண்டும் என்றும் சொன்னார். விருப்பத்தைத் திரட்டுகிற வேலை எனக்கு. நான் பதினேழு விருப்பங்களைத் திரட்டினேன். அழுதார்கள், பெருவிரல் வைத்தார்கள். பதினெட்டாவது அய்யாவு. அவன் மட்டும் மாட்டேன் என்றான்.

கோபப்படாமல் காரணம் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுவது நியாயம்.

"ஊர்ல நாங்க மொயல் புடிச்சா தொட ரெண்டும் பண்ணையார் வீட்டுக்கு, ஐயா. மிச்சம் அவுக ஆளுகளுக்கு. நாய்க்குப் போடுறதுன்னு ஒதுக்குவாங்க பாருங்க, குடலு, அதுதான் எங்களுக்கு. எங்கப்பன் அதத்தான் தின்னாரு. இங்க நான் நாய்க்குக் குடுக்குறேன். நான் குடுக்குறேன், ஐயா. இத விட்டுட்டு அங்க போயி மறுபடி எலையில வாய் வைக்கச் சொல்றீங்களா?"

அரிசி குறையும் என்றேன்.

"கொறையட்டும் ஐயா. செவல இருக்கு."

அவன் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒரு நாயை நம்பி அரசாங்கம், தோட்டம், துரை மூவரையும் மறுத்துவிட்டு மரம் சீவப் போய்விட்டான். எனக்கு அவன் மீது எந்த விரோதமும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். விரோதம் இருந்திருந்தால் இந்தக் காரியத்தில் ஏதாவது ஒரு சூடு இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவன் குடும்பத்துக்கு அரிசியைப் பாதியாக்கினேன். துரை அப்படிச் சொல்லவில்லை. விருப்பம் வளர்வதற்குச் சற்று நீர் பாய்ச்சுவதாக நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிறும் செவலை இரண்டு முயல் பிடித்தது. விருப்பம் வளரவில்லை.

ஆகவே நான் நிதானமாக யோசித்தேன். பதினேழு குடும்பம் போகிறது, ஒன்று போகாமல் நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் அய்யாவு அல்ல, நாய். நாய் இல்லாவிட்டால் அவனும் எல்லோரையும் போல நியாயமாக யோசிப்பான். நாயைச் சுடச் சொல்லித் துரையிடம் கேட்கலாம், சத்தம் கேட்டுக் கூட்டம் கூடும். எனக்கு ரத்தம் பார்க்கவும் முடியாது. எறும்பை மிதித்தாலும் மனம் சங்கடப்படுகிற வீட்டில் வளர்ந்தவன்.

ஸ்டோரில் லாலானைக் கொல்கிற மருந்து இருக்கிறது. வெள்ளைத் தூள், தண்ணீரில் கரைத்துத் தெளிப்பார்கள். உப்புக் கரிக்கும் போலிருக்கிறது. போன வருடம் துரை வீட்டு மாடுகள் இரண்டு, தெளித்த புல்லைத் தேடிப்போய் நக்கிச் செத்தன. சாவி என்னிடம் இருந்தது. நாய்ப் பங்குக்கு உப்புப் போடுகிற உரிமையும் என்னிடம்தான் இருந்தது. நானாகத் தேடிப் போகவில்லை, அவர்களே வாசலில் வந்து நின்று கொடுத்த உரிமை.

பங்குனி மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நான் தூவியது உப்பு அல்ல. நாய்க்கு வைத்தேன். நாய்ப் பங்கை மனிதர் யாரும் தொடுவதில்லை என்பது அவர்கள் சட்டம். அய்யாவு செத்தாலும் அதைத் தொட மாட்டான். அந்தச் சட்டத்தை நம்பித்தான் வைத்தேன். ஆனால் அன்று அதைத் தின்றது பேச்சியம்மாள். திங்கட்கிழமை விடியுமுன் அவள் இறந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் மணியம் வயிற்றுப்போக்கு என்று எழுதினார். அன்று காலையில் மட்டும் அவருக்கு வயிற்றுப்போக்கில் மூன்று பேர். நாலாவதாக ஒன்றை எழுதுவதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அவர்மீது குற்றமில்லை.

நடந்தது இதுதான். ஒரு விபத்து என்றுகூடச் சொல்லலாம்.

இங்கே முதல் திருத்தம்.

நாய்ப் பங்கை யாரும் தொடுவதில்லை என்று எழுதினேன். அது அய்யாவின் நம்பிக்கை. எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை கிடையாது. அதற்கு மூன்று வாரம் முன்பே, ஆண்கள் ஆற்றில் இறங்கியிருந்தபோது, பேச்சியம்மாள் குனிந்து இலையிலிருந்து பாதியை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வதைப் பார்த்தேன். தொடைத் துண்டை எடுத்தாள். ஈரலில் பாதி. குடலை நாய்க்கு விட்டாள். எடுத்ததை அய்யாவின் சட்டிக்குள் போட முடியாது, எண்ணி வைத்தவன் அவன். லயத்துக்குப் பின்னால் தணலில் சுட்டு நின்றபடியே தின்பாள் போலிருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்க மாட்டாள். நாய்ப் பங்கைத் தின்கிற பாவம் தன்னோடு போகட்டும் என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம். வாக்குமூலத்தில் ஊகம் கூடாதென்றால் அடித்துவிடவும்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன், எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். முறைப்படி திரும்பியிருக்க வேண்டியது முதுகு மட்டும்தான். கழுத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவளும் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று வாயால் கேட்கவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஒருமுறை சேர்த்தாள். நான் திரும்பிக்கொண்டேன். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. நாய்ப் பங்குச் சட்டத்துக்கு மூன்றாம் பிரிவு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எழுதி வைத்தேன். கதிரேசு அண்ணருக்கு அதை மட்டும் படித்துக் காட்டவில்லை. ஒரு பெண்ணின் மானம் சம்பந்தப்பட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாதி. ஒருபோதும் பாதிக்கு மேல் எடுக்கவில்லை. நாயைப் பட்டினி போட அவளுக்கு மனமில்லை. நாயும் அவளைக் காட்டிக்கொடுத்ததில்லை. சொல் கிடைக்கும்வரை அசையாமல் உட்கார்ந்து, தன் முன்னால் பங்கு பாதியாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு "எடுத்துக்க" என்றதும் மிச்சத்தைத் தின்னும். எங்கள் மூவருக்குள் ஒரு ரகசியம் இருந்தது.

இரண்டாவது திருத்தம். நாய்க்கு வைத்தேன் என்று எழுதினேன். ஒரு நாய்க்கு எவ்வளவு போதும் என்று எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. நான் எடுத்துப்போனது அதில் இரு மடங்கு. பாதி அவளிடம் போய்விடும் என்று தெரியும். மிச்சப் பாதி நாய்க்குப் போதாமல் போய்விடக்கூடாதே என்பதற்காக இரட்டித்தேன். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது மிகவும் சரியாக இருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் ஏதோ ஒன்று விட்டுப்போனது போல ஒரு உணர்வு. பிறகு கதிரேசு அண்ணர் தேநீருக்குக் கூப்பிட்டார், போய்விட்டேன்.

அவர் அன்று சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"தம்பி, பதினெட்டு வராட்டில் துரை ஆபீஸிலயும் கை வைப்பார். பிந்தி வந்தவன் முந்திப் போவான். மாமாவுக்கு இப்பவே ஒரு கடிதம் போட்டு வை."

பிந்தி வந்தவன் நான். ஆசையே இல்லாத கை என்று தொடக்கத்தில் எழுதினேன். அதன் மேல் ஒரு கோடு இழுத்துக்கொள்ளவும். மூன்றாவது திருத்தம் அது.

அந்த ஞாயிறு வேட்டை சரியில்லை. நாலு பேருக்கும் நாய்க்கும் சேர்த்து ஒரே ஒரு சருகுமான், அதுவும் குட்டி. அய்யாவு கூறு வைத்தான். நாய்ப் பங்கில் வழக்கம்போலத் தொடைத் துண்டை வைத்தான். ஒருவன் முணுமுணுத்தான், தன் கூற்றைவிட நாயின் கூறு பெரிது என்று. அய்யாவு இலையை நாயின் பக்கம் நகர்த்தி வைத்தான். நான் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து மூன்று விரலால் தூவினேன். சிட்டிகை கொஞ்சம் பெரியதாக இருந்ததை அய்யாவு கவனித்தான்.

"ஐயாவுக்கு இன்னைக்கு செவல மேல ரொம்பப் பிரியம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆண்கள் ஆற்றில் இறங்கினார்கள். நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். பிறகு கழுத்தைத் திருப்பினேன்.

பேச்சியம்மாள் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தொடைத் துண்டை எடுத்தாள். ஈரலை எடுத்தாள், முழுவதும். கொஞ்சம் நின்றாள். பிறகு நுரையீரல். பிறகு குடலையும் சுருட்டி எடுத்தாள். நாயின் தலையை ஒருமுறை தடவினாள். வாழையிலையில் ஈரம் மட்டும் இருந்தது.

முன் வாரம் அரிசி பாதியாகியிருந்தது. அரிசி பாதியானால் இலை முழுதாகக் காலியாகும். இவ்வளவு எளிய கூட்டலை நான் காகிதத்தில் போடாமல் விட்டிருந்தேன். விட்டுப்போனது அதுதான் என்று அப்போது தெரிந்தது.

இங்கே கடைசித் திருத்தம். விபத்து என்று எழுதினேன்.

அவள் முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்தபோது எங்கள் கண்கள் சந்தித்தன. எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி தூரம். ஒரு சொல் போதும். 'வேண்டாம்' என்றால் போதும், 'கீழே போடு' என்றால் போதும். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைவிருக்கிறது. ஆனால் ஆண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சொன்னால் அத்தனை பேர் முன்னால், புருஷன் முன்னால், நாய்ப் பங்கைத் திருடியவள் என்று அவளுக்குப் பெயர் வந்துவிடும். அய்யாவு அதைத் தாங்க மாட்டான். ஒரு ஏழைப் பெண்ணைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நான் இன்றுவரை அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பெரும்பாலான நாட்களில் நம்பவும் முடிகிறது.

அவள் இரண்டு கையையும் சேர்த்தாள். நான் திரும்பிக்கொண்டேன்.

அய்யாவு வந்து "எடுத்துக்க" என்றான். செவலை காலி இலையைப் பார்த்தது, அவனைப் பார்த்தது.

"அது முன்னாடியே எடுத்திருச்சுங்க," என்றாள் பேச்சியம்மாள்.

அய்யாவு நம்ப முடியாமல் இலைக்கு அந்தப் பக்கமும் தேடிப் பார்த்தான். பிறகு குனிந்து நாயை ஒரே ஒரு அடி அடித்தான், கையால்தான். ஆறு வருஷத்தில் முதல் அடி என்று பிறகு சொன்னான். செவலை கத்தவில்லை. அடித்த கையை நக்கியது.

ஒருவன் கூற்றைத் தொட்டு "இது யாருக்கு?" என்றான். நான் பெயர் சொன்னேன். அடுத்தது, அடுத்தது. என் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அன்று அய்யாவுக்கு நல்ல கூறு விழுந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் அவளுக்கே கிடைத்திருக்கும்.

மூன்றாம் நாள் அய்யாவு ஆபீஸுக்கு வந்து பெருவிரலை நீட்டினான். நான் மை தடவிவிட்டேன். பதினெட்டு. துரை என்னைத் தட்டிக்கொடுத்து, ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட்டாய் என்றார். மாமாவுக்குக் கடிதம் போட வேண்டியிருக்கவில்லை.

லாரி வந்த அன்று காலையில் அய்யாவு என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றான். ஒரு கையில் குழந்தை. மறு கையில் கயிறு, கயிற்றின் முனையில் செவலை.

"கப்பல்ல நாய ஏத்த மாட்டாங்களாம், ஐயா. ஒங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்."

எனக்கு நாய் வளர்த்துப் பழக்கமில்லை என்றேன்.

"அதுக்குத்தான் ஐயா. லயத்துல எவன்கிட்ட விட்டாலும் அது பங்க அவன் தின்னுருவான். பசி காலம். நீங்க கறி தொடாதவரு."

கயிற்றை என் கதவில் கட்டினான். இரண்டு முடிச்சுப் போட்டான். பிறகு போகாமல் நின்றான்.

"அன்னைக்கு இத அடிச்சிட்டேன், ஐயா. ஒரு வா சோத்துக்கு. அன்னைக்கு ராத்திரிதான் வீட்டுல அப்படி ஆச்சு. வாயில்லா சீவன அடிச்ச பாவம், வேறென்ன? நான்தான் கொன்னுட்டேன்."

இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படியெல்லாம் நினைக்காதே அய்யாவு என்று மட்டும் சொன்னேன். குழந்தை கயிற்றை விடவில்லை. விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அதையும் நான்தான் செய்தேன்.

இந்த வாக்குமூலம் நாகப்பட்டினம்வரை போகாது என்று நம்புகிறேன். போனால் தன் மனைவி நாயின் இலையிலிருந்து எடுத்துத் தின்றாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் ஊர்ப் பண்ணையில் மறுபடி குடலுக்குக் கையேந்திக்கொண்டிருக்கிற நேரம் இது. எனக்கு இருக்கிற வருத்தம் அது ஒன்றுதான் என்று எழுத வந்தேன். இதன் மேலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பக்கத்தில் எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

எந்தத் தடயமும் இல்லாதபோது ஏன் இதை எழுதுகிறான் என்று சோமசேகரம் அவர்கள் கேட்கக்கூடும். மனச்சாட்சி என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் களைப்பு. நாய் முதல் மூன்று நாள் எதையும் தின்னவில்லை. சோறு வைத்தேன், பால் வைத்தேன். "சாப்பிடு" என்றேன், "தின்" என்றேன், ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னேன். கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் அது என்ன சொல்லுக்குக் காத்திருக்கிறது என்று புரிந்தது. அந்தச் சொல்லை அய்யாவின் குரலில், அவன் இழுக்கிற மாதிரி இழுத்துச் சொன்னேன். அப்போதுதான் தின்றது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஒரு மனிதனின் குரலை நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாற்பத்தோரு நாளாகிறது.

இதைக் கோத்தா திங்கிக்குக் கொண்டுபோகிற லாரி மத்தியானம் இரண்டு மணிக்கு வரும். நான் இங்கேயே இருப்பேன், ஆள் அனுப்பினால் போதும். வருகிறவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்பவும். நாயை அடிக்கவேண்டாம், யாரையும் அது கடிக்காது. சொல் 'எடுத்துக்க'.

சோறு ஆறிவிட்டது. மலாய்க் கிராமத்தில் வாங்கிய மீன் ஒன்றைச் சுட்டு வைத்திருக்கிறேன். முள் எடுக்கும்போது விரலில் வாடை ஏறிக்கொள்கிறது, இப்போது பழகிவிட்டது. தோட்டத்தில் வாழையிலைக்குப் பஞ்சமில்லை. சோற்றையும் மீனையும் இலையில் வைத்து, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, முதலில் என் நாக்கில் ஒரு பருக்கை வைத்துப் பார்ப்பேன். உப்புதான். பிறகு கை கழுவிவிட்டு வந்து சொல்லைச் சொல்வேன்.

அது இலையை நக்கி முடிக்க வெகுநேரம் ஆகும். முடித்த பிறகுதான் நான் சாப்பிட உட்காருவது.